அத்தான் கட்டிய மாடிவீடு

ஆபீசில் அவளுக்குக் கழுகு என்று பெயர். ட்ரோன் எடுத்துவரும் படங்களைத் திரையில் விரித்து, எரிவாயுக் குழாய் போகும் பாதையை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பதுதான் வேலை. மண்ணுக்கடியில் குழாய் இருப்பதால் அந்தப் பாதையில் யாரும் எதுவும் கட்டக் கூடாது. கட்டினால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பாள். உடனே ஆட்கள் போய் நிறுத்திவிடுவார்கள். ஒரு கோழிக்கூண்டுகூட அவளிடமிருந்து தப்பியதில்லை.

அந்தக் கண்ணில்தான் அத்தானின் அஸ்திவாரம் பட்டது.

குழந்தை இல்லை என்று சொல்லி அக்காவைத் துணிமணியோடு தெருவில் நிறுத்தியவர் அவர். ஈரம் காயுமுன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அக்கா இவள் வீட்டு முன்னறையில் தையல் மிஷினோடு கிடக்கிறாள். வாய்விட்டு அழுததே இல்லை. அதைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை.

அத்தானின் மனையில் புதுமண் கிளறிக் கிடந்தது. ஓரமாக அவருடைய மஞ்சள் வேன். அஸ்திவாரத்தில் பாதி குழாய்ப் பாதைக்குள் வந்திருந்தது. மவுசை நகர்த்தியவள் கையை எடுத்துக்கொண்டாள். இப்போது சொன்னால் நாலு செங்கல்தான் போகும். 'கட்டு, நல்லாக் கட்டு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மாதாமாதம் படம் வந்தது. சுவர் எழுந்தது, தளம் விழுந்தது, மாடியில் தண்ணீர்த் தொட்டி ஏறியது. ஒவ்வொரு முறையும் 'ஆக்கிரமிப்பு இல்லை' என்று பதிந்துவிட்டு வீட்டுக்கு வந்து அக்காவிடம் வழக்கத்தைவிடப் பிரியமாகப் பேசினாள். கேட் போட்டு, வாசலில் நாற்காலிகளும் வந்துவிட்ட பிறகு புள்ளி வைத்தாள்.

அத்தான் யார் யார் காலையோ பிடித்தும் நடக்கவில்லை. பாதி வீட்டை இடித்துத் தள்ளினார்கள். அடுத்த படத்தில், உடைந்த தளத்தின் பக்கத்தில் ஓர் ஆள் தனியாக உட்கார்ந்திருந்தான். அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பழைய படங்கள் அழிவதில்லை என்பதை மறந்திருந்தாள். மேலாளர் எல்லாவற்றையும் வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"இது தெரியலைன்னு சொல்லப்போறியாம்மா?"

"தெரிஞ்சுது சார்."

"தோண்டும்போது கடப்பாரை குழாய்ல பட்டிருந்தா? கொத்தனாரு, சித்தாளு... அந்தத் தெருவே போயிருக்குமே."

அவர்களை அவள் நினைத்தே பார்த்ததில்லை. வேலை போயிற்று.

அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா மிஷினை நிறுத்தினாள்.

"மாடி வரைக்கும் விட்டியா?"

"ஆமாக்கா."

"எனக்காகப் பண்ணினேன்னு யார்கிட்டயும் சொல்லாத." நூலைக் கத்தரித்துவிட்டு, "இடிச்ச படம் இருக்கா?" என்றாள்.

செல்போனில் இருந்தது. அக்கா அதைக் கண்ணருகே வைத்துக்கொண்டாள். "இது சமையக்கட்டா?"

"ஆமா."

"ம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மிஷினை மிதித்தாள்.

வேறு வேலை கிடைக்க வெகுநாளாயிற்று. ரோட்டில் பள்ளம் தோண்டுகிற சித்தாள்களைக் கண்டால் அவளுக்கு இன்றும் நெஞ்சு திக்கென்கிறது. அத்தானைக் கடைத்தெருவில் பார்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் எதிர்ப்பக்கம் போனார்.