இடது மிதி

இன்பசேகரன் அண்ணன் சும்மா நிற்கும்போதும் இடது பாதத்தை மெல்லத் தரையில் அழுத்திக்கொண்டே இருப்பார். டீ குடிக்கும்போதும் அப்படித்தான், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் அப்படித்தான். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். சமயநல்லூர் குடோனில் நான் சாக்கு தைக்கிறேன். அவர் மூட்டைகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிறார்.

அந்த வண்டியில் இடது மிதியைக் கொஞ்சம் அமுக்கினால் இன்ஜின் இழுப்பு சக்கரத்துக்குப் போகாது. முழுக்க அமுக்கினால் பிரேக். அதை வைத்துத்தான் மூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். அதில் திரும்புவது பின்சக்கரம். தூணை ஒட்டிக் கொண்டுபோய் ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்பக்கம் வெளியே வீசித் திரும்பிவிடும். அவர் ஒருநாளும் உரசியதில்லை.

மனைவி இறந்தபிறகு அவருக்கு மகள் பெர்சி மட்டும்தான். கோவில்பட்டியில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அங்கே சனிக்கிழமை மதியம்தான் பார்க்க விடுவார்கள். எங்களுக்கோ அன்றுதான் லோடு அதிகம், லீவு கிடையாது. ஆனால் குடோன் வேன் ஒவ்வொரு சனிக்கிழமையும் கோவில்பட்டி போகும். வேன் ஓட்டும் முத்திருளன் அண்ணன் வேலையை விடப்போகிறார் என்று தெரிந்ததும், இவர் மேனேஜர் முன்னால் போய் நின்றார். லைசென்ஸ் எடுத்து எட்டு வருஷம் ஆகிறது. ஓட்டியதுதான் இல்லை.

"காம்பவுண்டுக்குள்ள ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க, பார்ப்போம்" என்றார் மேனேஜர்.

அன்று அண்ணன் தேய்த்த சட்டை போட்டு வந்தார். "செல்வி, பிள்ளைகிட்ட இன்னும் சொல்லலை. திடுதிப்புன்னு வேனோட போய் வாசல்ல நிக்கணும்" என்றார் என்னிடம்.

நேராக நன்றாகத்தான் போனார். ஷெட்டின் மூலைத் தூண் வந்ததும் பழக்கம்போல ஒட்டிப்போய் ஒடித்தார். வேனின் பின்பக்கம் வெளியே வீசவில்லை, உள்பக்கமாக வெட்டித் தூணில் உரசியது. தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. பதறிப்போய் இடது மிதியை முழுக்க அமுக்கினார். அது கிளட்ச். வேன் உருண்டுபோய் நான் தைத்து வைத்திருந்த மூட்டைகளில் முட்டி நின்றது.

"அண்ணே, மூட்டையத் தூக்கப் போனீகளா?" என்று ஒருத்தன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

முத்திருளன் அண்ணன் ஓடிவந்து கதவைத் திறந்தார். "மாப்ள, இதுக்குப் பின்சக்கரம் திரும்பாதுய்யா! பத்து நாள் பழகுனா சரியாப் போயிரும்."

மேனேஜர் கிழிந்த தகரத்தைத் தடவிப் பார்த்தார். "பத்து நாளுக்கு எங்க போறது?" என்றார்.

இன்பசேகரன் அண்ணன் வேனிலிருந்து இறங்கினார். ஃபோர்க்லிஃப்டை எடுத்துவந்து சரிந்த மூட்டைகளை அவரே அடுக்கினார். யாரும் உதவிக்குப் போகவில்லை. நானும் போகவில்லை.

அடுத்த வாரம் சிவபாண்டி என்று புது டிரைவர் வந்தார். பெர்சிக்கு அண்ணன் கொடுத்துவிடும் பலகார டப்பாவை அவர்தான் கொண்டுபோகிறார்.

"பிள்ளை மெலிஞ்சிருக்காளா தம்பி?"

"அம்புட்டுக் கவனிக்கலைண்ணே. வாங்கிட்டு உள்ள போயிருச்சு."

பெர்சி கடைசியாக வீட்டுக்கு வந்தது கிறிஸ்துமஸுக்கு. இது மே மாதம். படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. வேனை சிவபாண்டிதான் ஓட்டுகிறார்.