விளம்பரம் வராத வீடு

எங்கள் பக்கத்துத் தியேட்டரை மூடியபோது நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மூட்டைப்பூச்சி கடித்த காலைச் சொறிந்துகொண்டே படம் பார்த்தவள் நான். சனியன் விட்டது என்றேன். இப்போது அங்கே கல்யாண மண்டபம், பாயசம் நன்றாக இருக்கிறது. இனிமேல் தியேட்டரும் கிடையாது, டிவியும் கிடையாது, எல்லாம் நெட்டில்தான் என்று ஆளாளுக்குச் சொன்னபோதும் நான் காதில் வாங்கவில்லை. பயம் வந்தது, கேபிள்காரர் ஏணி போட்டுச் சித்தி வீட்டுச் சுவரிலிருந்து வயரைக் கழற்றிச் சுருட்டிய அன்றுதான்.

சித்தி என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள், அவ்வளவுதான். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் வீடுகளுக்கு நடுவே இடமே விடவில்லை. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் பிள்ளை துபாயில், என் பெண் புனேயில். சித்தப்பாவும் போயாயிற்று, என் வீட்டுக்காரரும் போயாயிற்று. ஆக, சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல, தானாக வந்தது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஒரே சீரியல்தான் ஓடும். விளம்பரம் வந்தால் எல்லோரும் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜன்னலுக்கு வருவோம். சாதம் வைத்தாயா, குழாயில் தண்ணீர் வந்ததா, அந்த மருமகளை இன்றைக்கு அடித்துவிடுவான் போலிருக்கிறதே என்று நாலு வார்த்தை. எதிர்வீட்டுக் கொங்கணி மாமியும் மலையாளத்தில் கலந்துகொள்வாள். சீரியல் திரும்ப வந்ததும் அவரவர் உள்ளே போய்விடுவோம். சித்திக்கு விளம்பரம் என்றாலே ஆகாது. முதல் சோப்புக்காரி வாயைத் திறப்பதற்குள் ரிமோட்டை அமுக்கிவிடுவாள்.

ஒருநாள் அவள் வீட்டில் விளம்பரம் அலறியது. பல்பொடி, மசாலாப்பொடி, நகைக்கடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. நான் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். எனக்கு முன்னால் எதிர்வீட்டு மாமி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். சித்தி சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சந்தே சிரித்தது. எனக்கு மட்டும் படபடப்பு அடங்கவில்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு தைரியம். இங்கே ஒருத்தி விழுந்து கிடந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்ற தைரியம்.

அதற்குத்தான் அவள் பிள்ளை வேட்டு வைத்தான். லீவில் வந்தவன் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு டிவியை மாட்டினான். கேபிளை நிறுத்தச் சொன்னான். விளம்பரமே வராத பெரிய சந்தாவாகப் பார்த்துப் போட்டான். அம்மாவுக்கு இனிமேல் விளம்பரத் தொல்லையே இல்லை என்று அவனுக்கு ஒரே பெருமை. ஒரு பாகம் முடிந்தால் அடுத்த பாகம் தானே தொடங்கும், அம்மா விரலைக்கூட அசைக்க வேண்டாம் என்றான். விரலை அசைக்க வேண்டாம் என்பதுதானடா எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

பிறகு ஒவ்வொரு வீடாக மாறியது. எதிர்வீட்டு மாமி காதில் வயரை மாட்டிக்கொண்டு போனில் பார்க்கத் தொடங்கினாள். ஒரே நேரத்தில் எல்லோரும் ஜன்னலுக்கு வருவது நின்றது. சித்தி வீட்டு டிவி மட்டும் மதியம் தொடங்கினால் இருட்டும்வரை பேசிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு மௌனமும் இல்லை, ஒரு இருமலும் கேட்காது. சமையலறையில் நிற்கும்போதெல்லாம் என் காது அந்தச் சுவரிலேயே இருந்தது. காய் நறுக்கும்போது கத்தி நின்றுவிடும். இப்போது இருப்பது சித்தியா, டிவி மட்டும்தானா? நான் தினமும் இரண்டு மூன்று தடவை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு போய் எட்டிப்பார்ப்பேன். என்னடி, வேவு பார்க்கிறாயா என்று அவள் கேலி செய்வாள்.

அன்றைக்குப் பள்ளுருத்தியில் ஒரு சீமந்தம். காலையில் போனவள் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்பினேன். சித்தி வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னலில் நின்று கூப்பிட்டேன், பதில் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. துபாய்க்குக் கூப்பிட்டேன்.

"அக்கா, நீ ஒண்ணும் பேடிக்காதே, பயப்பட ஒண்ணுமில்லே," என்றான். "அம்மா பாத்துண்டிருக்கா. இதோ என் போன்லயே தெரியறது. இப்பதான் அடுத்த எபிசோட் போட்டிருக்கா."

அவன் தினமும் அப்படித்தான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் கணக்கைத் திறந்தால் அம்மா எதைப் பார்க்கிறாள், எதுவரை பார்த்திருக்கிறாள் என்று காட்டுமாம். ஓடிக்கொண்டிருந்தால் அம்மா சௌக்கியம். அதனால் வாரத்தில் ஒருநாள் பேசினால் போதும்.

நானும் ஒரு நிமிஷம் மூச்சு விட்டேன். பிள்ளையே சொல்கிறானே என்று புடவையை மாற்றப் போனேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தமிழ் நின்றது. இங்கிலீஷில் யாரோ கத்தினார்கள். துப்பாக்கி சுடும் சத்தம் படபடவென்று கேட்டது. சீரியலில் கத்தியை எடுத்தாலே கண்ணை மூடிக்கொள்கிற சித்தி இதைப் போட்டிருக்கவே மாட்டாள். அவளுடைய சீரியல் தீர்ந்துபோய், அந்தப் பெட்டி தன் இஷ்டத்துக்கு வேறொன்றைத் தொடங்கியிருக்கிறது.

பாதி கட்டிய புடவையோடு தெருவில் நின்று கத்தினேன். எதிர்வீட்டுச் சேட்டன் ஓடிவந்து பின்கதவை உடைத்தார். சித்தி சாப்பாட்டு மேசைக்கும் சோபாவுக்கும் நடுவில் கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ரிமோட் சோபாமேல் இருந்தது, அவள் கைக்கு ஒரு முழம் தள்ளி. நீட்டிய கையை அவள் மடக்கக்கூட இல்லை. டிவியில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

உயிர் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் இடுப்பில் கம்பி வைத்தார்கள். பிள்ளை ஓடிவந்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவன் எறணாகுளத்தில் நர்ஸ் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டான். வீட்டைப் பூட்டிவிடப் போகிறார்கள். சரிதான், வேறென்ன செய்வான். நான் தலையை ஆட்டினேன்.

கிளம்புகிற நாள் காலையில் அவள் வீட்டிலேயே அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று அதுவரை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"நீ வந்து ஜன்னல்லேந்து கூப்பிட்டது கேட்டுதுடி. நானும் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்துல எனக்கே என் குரல் கேக்கலை."

நான் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மத்தியானத்துலேந்து ஒரே வேண்டுதல்தான். குருவாயூரப்பா, ஒரு விளம்பரம் வரட்டும். சோப்போ, எண்ணெயோ, ஏதானும் ஒண்ணு. அது அலறினா யாரானும் ஓடி வந்துடுவா. வரவே இல்லைடி."

என் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் விளம்பரக்காரனைச் சபித்த வாய் அது. என் வீட்டுக் கேபிளையும் அந்த மாதத்தோடு நிறுத்தப்போவதாகக் கேபிள்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாலு வீட்டுக்காக லைனை வைத்துக்கொண்டிருக்க முடியாதாம். புனேயிலிருந்து மகள் புது டிவி அனுப்புகிறேன் என்கிறாள். விளம்பரமே வராதாம்.

சித்தி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எனக்காவது சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ இருந்தே. நாளைக்கு நீ விழுந்தா யாருடி கேப்பா?"

தலையை ஆட்டாமல் உட்கார் என்று அதட்டினேன். வகிடு கோணலாகப் போயிற்று. கலைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், அதுவும் கோணலாகத்தான் வந்தது.