ஐந்தாவது மூச்சு

நேற்று தங்கையின் போனில் யோகா ஆப் ஒன்று, "இப்போது உங்கள் மூச்சை மட்டும் கேளுங்கள்" என்றது. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாகச் சவாசனத்தில் நான் கண்ணை மூடுவதில்லை. யோகா டீச்சர் என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் வெட்கம்தான்.

அப்போது சர்டிபிகேட் வாங்கிய புதிது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சிவன் கோயிலை ஒட்டிய மண்டபத்தின் மாடியில் சாயங்கால வகுப்பு. வந்தது நாலே பெண்கள். எல்லோருக்கும் தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு நோவு. கோயிலிலிருந்து கற்பூர வாசனை ஏறி வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். "இது சாமி கும்பிடறது இல்ல, எக்சர்சைஸ்" என்பது என் முதல் நாள் பிரசங்கம். பெரிய அறிவாளி என்று நினைப்பு.

அதற்குத் தலையாட்டியது துளசியக்கா மட்டும்தான். ஏழு வயது மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்தபின் அவள் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஆனாலும் மூச்சை எண்ணச் சொன்னால் அவளுக்கு எண் வராது. "அஞ்செழுத்துதான் வருது டீச்சர். நான் கூப்பிடல, அதுவா வருது" என்பாள், தப்பு செய்துவிட்டவள் போல.

ஒருநாள் நால்வரும் சவாசனத்தில் இருக்கையில் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் மூச்சுகள் தனித்தனியாகக் கேட்டன. துளசியக்காவின் பக்கத்தில் இன்னொன்று. குட்டையான, வேகமான மூச்சு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையுடையது போல. என் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

"கேக்குதா டீச்சர்?" கண்ணைத் திறக்காமலே துளசியக்கா கேட்டாள். "ஒரு மாசமா பக்கத்துல படுத்துக்கினு இருக்குது. பயந்துடுவீங்கன்னு சொல்லல."

"கோயிலுக்குப் போலாமா அக்கா?" என்றேன். நான்தான் சொன்னேன்.

சன்னதியில் கூட்டமில்லை. துளசியக்கா கண்ணை மூடி, வகுப்பில் போலவே மெதுவாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். அந்த வாரம்தான் வெளியூரிலிருந்து வந்திருந்த குருக்கள் அவளுக்கு விபூதி கொடுத்தார். பிறகு குனிந்து, அவள் இடுப்பருகே வெறும் இடத்தைப் பார்த்து, "நீயும் கையை நீட்டும்மா" என்றார். துளசியக்கா தன் உள்ளங்கையை அங்கே கொண்டுபோய் வாங்கிக்கொண்டாள். நிமிர்ந்த குருக்கள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வகுப்பில் நானே ஃபேனை நிறுத்தினேன். நாலு மூச்சுதான். துளசியக்கா வெகுநேரம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அங்கியே வுட்டுட்டு வந்துட்டோமா டீச்சர்?" என்றாள்.

அப்புறம் அவள் வகுப்புக்கு வரவில்லை. அந்த நேரத்துக்குச் சன்னதி எதிரே தூணோரம் சம்மணமிட்டுக் கண்மூடி உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இடம் விட்டிருப்பாள். பிரதோஷக் கூட்டத்திலும் அங்கே யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மண்டபம் இப்போது இல்லை. அந்த இடத்தில் பட்டுக்கடைக்கு வரும் கார்கள் நிற்கின்றன. துளசியக்காவும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆடியில் கோயிலுக்குப் போயிருந்தேன். தூணோரம் ஒரு குடும்பம் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது, இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்து.