பீரோ மறைவில் ஒரு பரீட்சை

மருமகள் சுவரிலிருந்து தன் சர்டிபிகேட்டைக் கழற்றிய அன்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கண்ணாடி போட்டு, என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டியிருந்தோம். வெள்ளிக்கிழமை அவருக்குச் சந்தனப் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒன்று வைப்பேன்.

"தொடைக்கவாம்மா எடுத்த?" என்றேன்.

"இல்ல அத்த. இது இனிமே செல்லாது."

செல்லாது என்றால் எனக்குத் தெரிந்தது ரூபாய் நோட்டுதான். படித்து வாங்கிய காகிதம் எப்படிச் செல்லாமல் போகும்?

"பெயிலுன்னு சொல்லிட்டாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். "பாஸானது பாஸானதுதான் அத்த. அந்தப் பரீட்சையையே எடுத்துட்டாங்க. வேற பேரு வச்சி வேற பரீட்சை கொண்டாந்துகீறாங்க. அதுவும் மூணு வருஷத்துக்குத்தான். அப்பால திரும்ப எழுதணும்."

நான் ஐந்தாவது வரை படித்தவள். அந்தச் சர்டிபிகேட் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஓரமெல்லாம் பூச்சி தின்றுவிட்டது. ஆனாலும் நான் ஐந்தாவது பாஸ் இல்லை என்று இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை. அன்று சாயங்காலம் மகனிடம் கேட்டேன். "இட்லி மாவு மாதிரிம்மா. நாளாச்சின்னா புளிச்சிரும்" என்றான். அப்படியானால் புளித்தது காகிதமா, அவள் தலைக்குள் இருப்பதா? கேட்டால் சிரிப்பான் என்று விட்டுவிட்டேன்.

விஷயம் சிரிக்கும்படியாக இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். போன புதிதில் பாகம் பூட்டுகிற லைனில் நின்றாள். எட்டு மணி நேரம், ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. வந்ததும் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே கிடப்பாள். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டிருக்கும். அப்புறம் தானே படித்து அந்தப் பரீட்சையை எழுதினாள். கம்ப்யூட்டர் பிரிவில் உட்காரச் சொன்னார்கள். லைனில் எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் இவள்தான் போய்ப் பார்ப்பாள். அதுவும் கான்டிராக்ட் வேலைதான். இப்போது கான்டிராக்ட்டைப் புதுப்பிக்கும்போது புதுச் சர்டிபிகேட் இருப்பவர்களுக்குத்தான் அந்த நாற்காலியாம். இல்லாதவர்கள் மறுபடி லைனுக்குப் போகலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம்.

"லைனுக்கு மட்டும் போக மாட்டேன் அத்த" என்றாள், காலைத் தடவிக்கொண்டே.

போன தடவை அவள் படித்ததில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. அவள் நோட்டுப் புத்தகத்தை என் மடியில் வைத்துவிடுவாள். கேள்வியை அவளே படித்து, நாலு பதிலில் எது என்று "பி" என்பாள், "டி" என்பாள். நான் கடைசிப் பக்கத்தில் நம்பரைத் தேடி எழுத்தைப் பார்ப்பேன். சரியென்றால் தலையாட்டுவேன். தப்பென்றால் பேசாமல் இருப்பேன். "அய்ய, தப்பா?" என்று வாய்க்குள்ளேயே பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு திரும்ப அதே கேள்விக்கு வருவாள். என்ன பாடம் என்று எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. இருந்தாலும் அவள் தப்பே செய்யாமல் சொன்ன நாளில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இந்த முறையும் மடியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தேன்.

"புதுசுல ஏ, பி, சி, டி கொஞ்சந்தான் அத்த. கெட்டுப்போன கம்ப்யூட்டர் ஒண்ண திரையில குடுப்பாங்க. சரி பண்ணிக் காட்டணும்."

"அத நான் எப்படிப் பாக்குறது?"

"அத நீங்க பாக்க முடியாது."

சரி என்று எழுந்து வெங்காயம் உரிக்கப் போனேன்.

பரீட்சையைச் சென்னைக்குப் போய் எழுத வேண்டாம், வீட்டிலேயே எழுதலாம் என்று மாற்றிவிட்டார்களாம். கேட்கச் சுலபமாக இருந்தது. அதற்கு அவள் சொன்ன சட்டங்களைக் கேட்டபோது பள்ளிக்கூடமே தேவலை என்று தோன்றியது. அறையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கக் கூடாது. காலண்டரைக் கழற்ற வேண்டும். எங்கேயோ இருக்கும் ஒரு ஆள் லேப்டாப் வழியாக அறையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். "வேற யாராச்சும் தெரிஞ்சா அவ்ளோதான், கேன்சல். நீங்க வாசப்பக்கம் உக்காந்துக்குங்க" என்றாள்.

பரீட்சை அன்று மகனுக்குக் காலை ஷிப்ட். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தாள். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்து வாங்கிவந்த விபூதிப் பொட்டலம் என் கையில் இருந்தது. அதை லேப்டாப்புக்கு அடியில் சொருகிவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். விபூதியைத்தான் நினைத்தேன். அது மடித்திருந்தது காகிதத்தில் என்று நினைக்கவில்லை.

பக்கவாட்டில் நின்றே சொருகினேன். உடனே லேப்டாப்பிலிருந்து ஒரு ஆண் குரல், "ஹலோ?" என்றது.

நான் நைட்டியோடு இருந்தேன். மேலே துண்டு இல்லை. பால்காரர் வந்தால்கூடத் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறப்பேன். கதவுப் பக்கம் போக வேண்டுமென்றால் அந்த ஆளுக்கு நேரே நடக்க வேண்டும். பீரோவுக்கும் ஜன்னல் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி உண்டு. முன்னால் கொடியில் புடவைகள் தொங்கும். யோசிக்கவே இல்லை. அங்கே புகுந்துவிட்டேன்.

அவள் ஓடிவந்து கதவைத் தாழிட்டு உட்கார்ந்தாள். "எஸ் சார், எஸ் சார்" என்று கேட்டது. அவன் போனதும் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தேன். அவன் போகவே மாட்டான் என்று அவள் சொன்னது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டினாள். புடவை இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில், கதவு, கூரை, பீரோ. பீரோ வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். நான் கண்ணை மூடினால் அவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? ஆனாலும் மூடினேன். அவன் ஏதோ கேட்டான். அவள் திரும்பப் பீரோவையே காட்டினாள். அப்புறம் மேசையைக் காட்டச் சொன்னான் போலிருக்கிறது. பொட்டலம் அகப்பட்டது.

"சார், அது... சாமி... ஹோலி ஆஷ் சார்."

பிரித்துக் காட்டினாள். அதை எங்காவது தூர வைக்கச் சொல்லியிருப்பான். எழுந்து வந்து பீரோ மேல் வைத்தாள். அவள் முழங்கை என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. கூப்பிட்டுவிடலாமா? கூப்பிட்டால் கேன்சல். கூப்பிடாமல் நின்று, பாதியில் தெரிந்தாலும் கேன்சல். எது சரி என்று எனக்கு விளங்குவதற்குள் அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நின்றேன். இரண்டு மணி நேரம் என்று அவள் சொல்லியிருந்தாள். மின்விசிறிக் காற்றில் புடவைத் தலைப்பு வந்து வந்து முகத்தில் பட்டது. தொண்டையில் ஒரு அரிப்பு வந்தது. எச்சிலை விழுங்கி விழுங்கி அடக்கினேன். ஒரு முறை அந்த ஆள் அதட்டுவது போல ஏதோ சொன்னான். "சாரி சார், இனிமே பேச மாட்டேன்" என்று தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் சொன்னாள். முணுமுணுத்திருக்கிறாள். என் எதிரில் உட்கார்ந்து படித்த பழக்கம். அதற்குப் பிறகு விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் நீண்ட நேரம் அந்தச் சத்தமும் இல்லை. அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால் மரத்துப்போனபோது லைனில் நின்ற அவள் கால் ஞாபகம் வந்தது.

கடைசியில் அவள் லேப்டாப்பை மூடிவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா ஆச்சி?" என்றேன்.

அவள் போட்ட அலறலில் நானும் அலறினேன்.

"அய்யோ அத்த! எப்பத்துலேந்து கீறீங்க இங்க?"

"அப்பத்துலேந்து."

"எப்பத்துலேந்து?"

"அந்தாளு ஹலோ சொன்னாரே, அப்பத்துலேந்து. மேல துண்டு இல்லம்மா."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பாஸ் என்று திரையில் வந்துவிட்டதாம். ஆனால் அது முடிவில்லையாம். ஆள் பார்த்தது போதாதென்று, எடுத்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்துத்தான் சர்டிபிகேட் தருவார்களாம். "ரூம்ல நான் மட்டுந்தான்னு டிக் அடிச்சிட்டு உக்காந்தேன் அத்த" என்றாள். "எனக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்கலியே நீ... நீங்க..." என்று தனக்குத்தானே வாதாடினாள். நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? ஆனால் அவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

சாயங்காலம் மகன் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "எங்கம்மா பீரோவ விட அசையாம நிக்கும், அது கதவாச்சும் கிறீச்சுங்கும். எவன் கண்டுபுடிப்பான்?" மருமகள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் அவள் போன் சத்தம் போட்டாலே கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நின்றேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது முடிவு வந்துவிட்டது. போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு வட்டம், உள்ளே ஏதோ எழுத்து.

"சர்டிபிகேட் எங்க?"

"இதான் அத்த. காயிதம் கெடையாது."

நாற்காலி அவளுக்கே கிடைத்தது. ஆணி மட்டும் சும்மா இருந்தது. பழையதையே துடைத்து அதில் மாட்டினேன். அவள் பார்த்தாள், சாய்ந்திருந்ததை நேராக்கிவிட்டுப் போனாள்.

அந்த ஆள் பீரோவை ஏன் இரண்டாம் தடவை காட்டச் சொன்னான் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் காலைப் பார்த்தானா? பார்த்தும் விட்டுவிட்டானா? அவளிடம் கேட்டால், "அத்த, அந்தப் பேச்சே வேணாம்" என்கிறாள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது போலிருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து எப்போது எழுதினாலும், அன்று விடிந்ததும் நான் வல்லக்கோட்டைக்குப் போய்விடுவேன், முடிந்ததென்று அவள் போன் செய்த பிறகுதான் பஸ் ஏறுவேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரை கோயிலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

"விபூதிய சாயங்காலமா கொண்டாங்க" என்றாள்.