கழற்றாமல் விட்ட டிஸ்க்

அந்த ஸ்கேன் சென்டரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. மவுஸ் நகராவிட்டால் அவர் 'சர்வீஸ்காரர்'; நகர்ந்துவிட்டால் யாரோ ஒருவர். பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் புது டிஸ்க் மாட்டி, புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றி முடித்தால் நிரந்தரமாக்குவதாக டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். கடைசியாக மிச்சமிருந்த ரிசப்ஷன் கம்ப்யூட்டரையும் சனிக்கிழமை இவர் முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அது எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் டிஸ்க் இல்லை என்று ஒரே ஒரு வரி. எதிரே வெறும் வயிற்றோடு வந்த நோயாளிகள் முணுமுணுத்தார்கள். டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மேனேஜர், அதாவது சர்வீஸ்காரரின் தங்கை புருஷன்.

"நான் அப்பவே சொன்னேன் மேடம், வெளிய குடுத்திருக்கலாம்னு," என்றார் மேனேஜர். மச்சான் உறவெல்லாம் வாசலோடு சரி.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்ததும் சர்வீஸ்காரருக்கு விளங்கிவிட்டது. பழைய டிஸ்க் இருந்த இடம் காலி. கேபிள் மட்டும் தொங்கியது. புது டிஸ்க்கில் ஏற்றும்போது பழையதும் மாட்டியிருந்தால், கம்ப்யூட்டரை எழுப்புகிற பகுதி சில சமயம் பழையதில் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றதைக் கழற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவர் இவர். சனிக்கிழமை, "சீக்கிரம் மச்சான், பூட்டணும்" என்று மேனேஜர் சாவியை ஆட்டிக்கொண்டு நின்ற அவசரத்தில் கழற்றாமல் விட்டார். பாதித் தப்பு அவருடையதுதான். மீதி யாருடையது என்பதும் தெரிந்தது. தன் பிள்ளைகளின் கம்ப்யூட்டருக்கு அந்தப் பழைய டிஸ்க் ஆகுமா என்று மேனேஜர் போன வாரமே கேட்டிருந்தார்.

"பழைய டிஸ்க் எங்க? பேஷண்ட்ஸ் விவரம் பூரா அதுலதானே இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

மேனேஜரின் முகம் வெளிறிப்போனது. ஒரு வார்த்தை போதும், அந்த ஆள் வேலை காலி. தங்கை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

"நாந்தான் மேடம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். டெஸ்ட் பண்ணிப் பாக்க. சாயங்காலம் வந்துடும்," என்றார் சர்வீஸ்காரர்.

சொல்லிவிட்டுப் பென்டிரைவைச் செருகினார். விடுபட்ட பகுதியைப் புது டிஸ்க்கிலேயே எழுதவைத்தார். இருபது நிமிடத்தில் திரை வெளிச்சமானது. முதல் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

"கம்ப்யூட்டர் ஓடுது, சரி," என்றார் டாக்டரம்மா. "ஆனா அந்த டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோற ஆளை நான் எப்படி வெச்சுக்க முடியும்? நாளையிலிருந்து வர வேணாம்."

மேனேஜர் ஆமாம் என்று தலையாட்டினார். வெட்கம் கெட்ட தலை.

மத்தியானம் பஸ்ஸுக்கு நிற்கையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அவர் எல்லாத்தையும் சொன்னாரு. ஏன்ணே இப்படிப் பண்ணே? உன்னால அவருக்கு அங்க தலை காட்ட முடியலையாம். கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதேண்ணே. பிள்ளைங்க வேற பெருசாகுது, நாலையும் பாத்துக் கத்துக்கும்."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த வீட்டில் அவள் எந்த முகத்தோடு இருப்பாள்?

"சரிம்மா, வரல," என்றார்.