இருபது எண்ணும் வரை

என் தங்கைக்கு முப்பத்தாறு வயதில் படிப்புப் பைத்தியம் பிடித்தது. பேச்சு வராதவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் படிப்பாம். எங்கள் காதில் ரத்தம் வரப் பேசுகிறவள், பேச்சைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்க வேண்டுமா என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். நாலு வருஷத்தில் அந்தச் சிரிப்பு காணாமல் போய்விட்டது.

விடியற்காலை ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற வேலை, பிறகு வகுப்பு, சாயங்காலம் இரண்டு பிள்ளைகள். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டாள். கடைசியாக ஒரே ஒரு செய்முறைத் தேர்வு பாக்கி. தவறினால் இன்னும் ஆறு மாதம்.

"இன்னொரு ஆறு மாசம் என் உடம்பு தாங்காதுக்கா."



தேர்வுக்கு அவளிடம் விட்டது ஒரு லாரி டிரைவரை. பக்கவாதம் வந்து நாலு மாதமாக அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. படத்தைக் காட்டிவிட்டு, மனதுக்குள் இருபது எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். நாமாகச் சொல்லிவிடக் கூடாது, அவசரப்படுத்தவும் கூடாது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பேராசிரியர் மதிப்பெண் போடுவார். தடுப்புக்கு அந்தப் பக்கமே டிரைவரின் மனைவியும்.

சாவிப் படத்துக்குக் காத்திருந்தாள். குடைக்குக் காத்திருந்தாள். மூன்றாவது நாற்காலி. பதினொன்று வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறதாம்.

"ஏய்! தூங்காத!"

திடுக்கிட்டு நிமிர்ந்தால், டிரைவர் இடது கையால் மேஜையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கே நம்பிக்கை வராமல் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம். மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும்மா!"

தங்கை பேராசிரியரின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அவர் பேசினதுல எனக்கும் சந்தோஷம்தான்மா," என்றார் அவர். "ஆனா நீ தூங்கிட்ட. பாஸ் போட முடியாது."

டிரைவருக்கான பயிற்சிப் படிவத்தையும் அவளே நிரப்ப வேண்டியிருந்தது. நோயாளியைப் பேசவைக்கக் கையாண்ட முறை என்ன என்று அதில் ஒரு கட்டம். 'நான் தூங்கிவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மதியம் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். எனக்கு அந்தப் பேராசிரியர் மேலும் கோபம், இவள் மேலும் கோபம்.

"இந்தப் படிப்புச் சனியனை விட்டுத் தொலையேன்டி."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"டிரைவரு திங்கக்கிழமை மறுபடி எங்கிட்ட வராருக்கா," என்றாள்.