கம்ப்யூட்டரில் இல்லாத ஜோயா

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தௌசீஃபுக்கு ஒரு வீம்பு உண்டு. மனுஷன் பொய் சொல்வான், மிஷின் சொல்லாது என்பான். பெண் பார்க்கப் போன இடத்திலும் இதை அவிழ்த்துவிட்டு, மாமனார் சாந்த் பாஷாவிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டவன். பி.சி.ஏ. முடித்து, சென்னையில் வேலை தேடி அலுத்து ஊர் திரும்பியவன். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து ப்ரோகிராம் எழுதுவான். அதில் அவனுக்கு ஒரு கிறுக்கு.

மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களைக் கண்டுபிடிக்க இந்த முறை அவனே ஒன்று எழுதிக்கொண்டு வந்துவிட்டான். ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பந்தல் போட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒன்று. தனியாகத் திகைத்து நிற்பவர்களை அங்கே உட்காரவைத்து, அன்புக்கரசி என்ற டைப்பிஸ்ட் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். இன்னொன்று பஸ் நிற்கும் மைதானத்தில். தேடி வருபவர்கள் பெயர் சொன்னால், அவள் ஏற்றிய பட்டியலில் இருக்கிறதா என்று தௌசீஃப் தன் லேப்டாப்பில் தட்டிப் பார்ப்பான். மதியத்துக்குள் செல்வி கிடைத்தாள், முருகன் கிடைத்தான், இன்னும் சிலர் கிடைத்தார்கள். தௌசீஃப் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை.

வெயில் தாழ்ந்தபோது தேவேந்திரன் என்ற ஒருவன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"என் தங்கச்சிங்க. பேரு கோமளா. வயசாச்சே தவிர கொழந்த மாதிரி. பேரத் தவிர வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது."

தௌசீஃப் தட்டினான். இல்லை என்று வந்தது.

"பின்னாடி பந்தல்ல ஒருவாட்டி பாத்துட்டு வந்துரட்டுமா?"

"எதுக்குண்ணா இந்தக் கூட்டத்துல வீணா அலையுற? அங்க இருந்தா இங்க காட்டிரும். செஞ்சி பஸ்ல ஏறிட்டிருக்கும், அங்க போய்ப் பாரு."

போன் நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஆளும் நம்பி பஸ் ஏறிவிட்டான்.

விளக்குப் போடும் நேரத்தில், திருவிழாவில் வளையல் கடை போட்டிருந்த சாந்த் பாஷா வேர்த்து விறுவிறுத்து வந்தார். "மாப்ள, ஜோயா இங்க வந்துச்சா? பக்கத்துலதான் நின்னுட்டிருந்துச்சு."

ஜோயா அவன் மகள். ஆறு வயது.

ஜோயா என்று அடித்தான். இல்லை. தப்பாக அடித்துவிட்டோமோ என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தான். இல்லை. தேடுவதை விட்டுவிட்டு, ஏற்றிய பெயர்களையெல்லாம் மொத்தமாகத் திறந்து மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனான். நடுவில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது, ஜோயா என்று. மறுபடி அடித்தான். இல்லை.

"இருக்குது. இல்லங்குது. இன்னா இது?" என்று மாமனாரைக் கேட்டான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு இரண்டு பேரும் ஓடினார்கள். பின்பந்தலில் ஜோயா பொரி தின்றுகொண்டிருந்தாள். "அத்தா, இம்மா நேரம் எங்க போன?" என்று அவனையே கேட்டாள். அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாலு பேர் பார்க்க அழுதான்.

அழுகை நின்றதும் குழப்பம் பிடித்துக்கொண்டது. அன்புக்கரசியிடம் போனான். "அக்கா, இந்தப் பேர எப்படி அடிச்ச?"

"எப்பவும் போலத்தான். மொதல்ல கொம்பு, அப்பறம் எழுத்து, அப்பறம் காலு. டைப்ரைட்டிங் கிளாஸ்ல அப்படித்தான சொல்லிக் குடுத்தாங்க?"

மிஷினுக்குள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தான். அன்புக்கரசியின் ஜோயாவில் கொம்பு தனி, கால் தனி. ஆக மொத்தம் ஐந்து துண்டு. அவனுடைய விசைப்பலகை கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகப் போட்டிருந்தது, நான்கே துண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மிஷினுக்கு ஒன்றையொன்று தெரியாத இரண்டு பேர். அவள் அடித்ததும் சரி, அவன் அடித்ததும் சரி. மிஷினும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் யாரைப் போய்த் திட்டுவது? தேடும் முன் இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ள ரெண்டு வரி எழுதியிருந்தால் போதும். அப்படி ஒன்று வேண்டும் என்பதே அவனுக்கு அதுவரை தெரியாது. கொம்பும் காலும் சேர்ந்து வராத பெயராகப் பார்த்துத்தான் மதியம் வரை கிடைத்திருக்கிறது.

கொம்பும் காலும். தௌசீஃபுக்குச் சுரீர் என்றது. கோமளா.

திரும்பினான். பாயின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பந்தலுக்குள் வரும் ஒவ்வொருவரையும் கேட்பதுபோல் அவனையும் கேட்டாள். "எங்கண்ணன் வந்துச்சா?"

"வந்துச்சும்மா," என்றான். "நான்தான் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

முதல் சொல் மட்டும்தான் அவள் காதில் ஏறியது. சிரித்துக்கொண்டே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, போகலாம் என்று அவன் கையைப் பிடித்தாள்.